சூட்டுப் பால்

காலை டீ மணி அடித்ததும், நான் வேலை செய்த கார்மெண்ட்ஸ் ஃபாக்டரியின் பெண்கள் கழிவறைக்குப் பின்னால் இருந்த நீளமான சிமெண்டுத் தொட்டியின் முன்னால் நாங்கள் ஐந்தாறு பேர் வரிசையாக நிற்போம். கை கழுவ அல்ல. முந்தானையை ஒதுக்கி, ரவிக்கைக் கொக்கியை அவிழ்த்து, மார்பில் கட்டிக்கொண்டிருக்கும் பாலைப் பீய்ச்சித் தொட்டியில் விடுவோம். நூல் துண்டும் பஞ்சுத் தூசியும் ஒட்டிக் கிடக்கிற அந்தத் தொட்டியின் அடியில் வெள்ளையாக ஒரு கோடு ஓடும். குழாயைத் திறந்து விட்டால் அது நீலம் பூத்து, சாக்கடைத் துளையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு இறங்கிவிடும். பத்தே நிமிடம். அடுத்த மணி அடிப்பதற்குள் கொக்கியைப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். "இத்தன பாலுக்கு டிகாஷன் இருந்தா ஃப்ளோர் மொத்தத்துக்கும் காப்பி போடலாம்டி" என்று ஒருத்தி ஒரு நாள் சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஓசூர் ரோட்டுப் பக்கம் புதிது புதிதாகத் துணி ஃபாக்டரிகள் முளைத்துக்கொண்டிருந்தன. தைக்க, காஜா எடுக்க, இஸ்திரி போட என்று எல்லாவற்றுக்கும் பெண்களைத்தான் எடுத்தார்கள். நான் ஏழாவதோடு பள்ளியை விட்டவள். மற்ற படிப்பெல்லாம் பொட்டலம் மடித்து வந்த காகிதத்திலும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் வாயிலும் கற்றதுதான். யாராவது ஒரு வார்த்தை நறுக்கென்று சொன்னால் அது எனக்குள் அப்படியே தங்கிவிடும். அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் யார் எதைச் சொன்னார்கள் என்று என்னால் எழுத முடிகிறது. எனக்கு இஸ்திரி மேஜை. நீராவி புஸ்ஸென்று கிளம்பும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, தகரக் கூரையின் கீழ் எட்டு மணி நேரம் நின்றே இருக்க வேண்டும். ஃபாக்டரி வாசலுக்குப் பக்கத்தில் 'குழந்தைகள் அறை' என்று பலகை மாட்டிய ஓர் அறை இருந்தது. அதற்குள் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பிள்ளையைக் கொண்டுவந்து விடலாமா என்று யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அந்தத் தொட்டியில் பாலைக் கொட்டியதற்கு மார்பு கனத்து வலித்தது மட்டும் காரணம் இல்லை. அந்தப் பால் கெட்ட பால் என்று நாங்கள் நம்பினோம். வெயிலிலும் நெருப்பு பக்கத்திலும் வேலை செய்கிற தாயின் மார்பில் தங்கிய பால் சூடேறிவிடும், அதைக் குடித்தால் பிள்ளைக்கு வயிறு போகும் என்பது பேச்சு. சூட்டுப் பால் என்று அதற்குப் பெயர். மாமியார் சொன்னார், சூப்பர்வைசர் சொன்னாள், பக்கத்து மேஜைக்காரி சொன்னாள். செங்கல் சூளையில் வேலை செய்த என் அம்மாவும் அப்படித்தான் செய்தாளாம். இஸ்திரி மேஜையில் நிற்கிற எனக்குச் சூட்டுப் பால் இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்? சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், அழுகிற பிள்ளையைக் கையில் எடுப்பதற்கு முன், குளியல் மறைப்புக்குள் போய் மிச்சப் பாலையும் பீய்ச்சிச் சுவரில் அடித்துவிட்டுத்தான் வெளியே வருவேன். பிள்ளை அழும். நான் உள்ளேயிருந்து "இரு கண்ணு, கெட்டது போகட்டும்" என்பேன்.

அந்தப் பிள்ளையைப் பகலெல்லாம் வைத்துக்கொண்டது என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அடுகோடியில், கன்னடத்தில் வட்டாரம் என்று சொல்கிற, ஒரே முற்றத்தைச் சுற்றி எட்டு வீடு வரிசையாக இருக்கும் இடத்தில், எதிரெதிர் வீடு எங்களுக்கு. அண்ணியின் வீட்டுக்காரர் பீன்யாவில் லேத் பட்டறையில் வேலை. இரண்டு பஸ் மாறிப் போய் வருகிற மனிதர், வந்ததும் பேப்பரை விரித்துக்கொண்டு படுத்துவிடுவார். கலியாணமாகி எட்டு வருடம் கழித்து அண்ணிக்கு ஒரு பையன் பிறந்தான். அவன் பிறந்து ஐந்து மாதத்தில் எனக்குப் பெண் பிறந்தாள். தொட்டில் போட்ட அன்று, அத்தை முறைக்கு அண்ணி கொலுசும் வளையலும் கொண்டுவந்தார். பிள்ளையின் காலில் கொலுசை மாட்டிவிட்டு, "இப்ப வுட்டுட்டுப் போறேன், பெரியவளானதும் வந்து தூக்கினு போயிடுவேன்" என்றார். எல்லோர் முன்னிலையிலும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். அத்தை மகனுக்கு மாமன் மகள். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய உறுதி கிடையாது. அண்ணியின் வீட்டுக்காரர் மறுநாள் பட்டறையில் எல்லோருக்கும் மருமகள் பிறந்துவிட்டாள் என்று இனிப்புக் கொடுத்தாராம். அன்றிலிருந்து அண்ணி என் பெண்ணை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மருமவளே, ஏந்திரு", "மருமவளே, இன்னா மொறைக்கிற", எந்நேரமும் மருமவளே.

பிறந்ததிலிருந்தே அந்தப் பிள்ளைக்கு நாங்கள் எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் செய்திருக்கிறோம். முதல் மூன்று நாள் மஞ்சளாகக் கெட்டியாக வந்த சீம்பாலைச் சீழ் போல இருக்கிறது என்று கிண்ணத்தில் பிடித்து வெளியே ஊற்றினோம். அதற்குப் பதிலாகச் சர்க்கரைத் தண்ணீர். பிறகு, கழுதையை ஓட்டிக்கொண்டு தெருவில் கூவி வருவானே, அவனிடம் ஒரு சங்கு கழுதைப் பால். மூன்று மாதம் முடிவதற்குள் நான் வேலைக்குத் திரும்பினேன். டின் பால் பவுடர் வந்தது. புட்டி வந்தது. ஒரு டின் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று நானே அண்ணியிடம் "கொஞ்சம் தண்ணியாவே கலக்குங்க" என்று சொல்லியிருக்கிறேன். எனக்கும் பால் குறைந்துகொண்டே வந்தது. கொட்டக் கொட்ட ஊறுவதற்கு அது கிணறா? குடிக்கிற வாய் இல்லாவிட்டால் அதுவும் நின்றுபோகும் என்று அப்போது யாருக்குத் தெரியும். ஒரு பக்கம் கல் மாதிரி கட்டிக்கொண்டது, காய்ச்சல் வந்து நடுங்கினேன். பாலை நிறுத்திவிடுவது நல்லது என்றார்கள். மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினேன். நான்கு நாளில் வற்றிவிட்டது. வலி தீர்ந்ததே என்று சாமிக்குக் கற்பூரம் ஏற்றினேன் நான்.

நான்காம் மாதம் பிள்ளைக்கு வயிறு போக ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. கை கால் குச்சியாகி, உச்சிக் குழி உள்ளே இறங்கி, அழுகை வெறும் காற்றாக வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் சேர்த்தோம். அண்ணி தன் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே வந்தார். அங்கே ஒரு சிஸ்டர், கன்னடக்காரர், கண்ணாடி போட்ட கண்டிப்பான பெண்மணி. தமிழைக் கன்னடத்தோடு பிசைந்து பேசுவார். தாய்ப்பால் கொடுக்கிறாயா என்று கேட்டார். வற்றிப்போச்சு என்றேன். கொட்டித் தீர்த்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவரும் மேலே கேட்கவில்லை. நரம்பில் தண்ணீர் ஏற்றினார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது அந்தப் புட்டியை விரலால் காட்டி, "இன்னொரு சல இந்தப் புட்டியோட வந்தா, பிள்ளைய வாபஸ் எடுத்துட்டுப் போக மாட்டே" என்றார். இன்னொரு தடவை என்றால் பிள்ளை தங்காது என்று அர்த்தம். அண்ணி வழியெல்லாம் பஸ்ஸில் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

எனக்கு இருந்த லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. மறுநாளே இஸ்திரி மேஜைக்குப் போனேன். புட்டியை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் டின்னை மட்டும் மாற்றினேன், வேறு கம்பெனி டின். கொதிக்க வைத்த புட்டியைப் பயந்து பயந்து அண்ணி கையில் கொடுத்துவிட்டுப் போனேன். அங்கேதான் அதிசயம் நடந்தது. பத்து நாளில் வயிற்றுப்போக்கு நின்றது. ஒரு மாதத்தில் கன்னம் வந்தது. இரண்டாம் மாதம் தொடையில் மடிப்பு விழுந்தது. சாயங்காலம் நான் போனால் தூங்கிக்கொண்டிருப்பாள், பசி என்று அழவே மாட்டாள். ராத்திரிக்கு நான் ஏதாவது கலக்கிக் கொடுக்க எழுந்தால், அண்ணி எதிர் வீட்டிலிருந்து வந்து, "நாள் முச்சூடும் நின்னுட்டு வந்துக்கீற, தூங்கு, நான் பாத்துக்கிறேன்" என்று தூக்கிக்கொண்டு போய்விடுவார். என்னைவிடப் பாக்கியசாலி யார் என்று நினைத்தேன். டின் எப்போது பார்த்தாலும் குறைந்துகொண்டே இருந்தது. ஆக, பிள்ளை நன்றாகக் குடிக்கிறாள்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்தியது. அண்ணி என் பெண்ணை மருமவளே என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். பாப்பா என்றார், கண்ணு என்றார், பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டார். மருமவளே மட்டும் வரவில்லை. நோஞ்சான் பெண் என்று ஆஸ்பத்திரியில் பார்த்ததும் மனசு மாறிவிட்டாரோ, தன் பையனுக்கு வேறு இடம் தேடுகிறாரோ என்று என் வீட்டுக்காரரிடம் குறைப்பட்டேன். அவர், "எங்க அக்காவப் பத்தி உனக்கு இன்னா தெரியும்" என்று எரிந்து விழுந்தார். அவருக்கும் ஒன்றும் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஃபாக்டரித் தொட்டியில் எனக்கு இனி வேலை இல்லை. ஆனாலும் டீ மணி அடித்ததும் அங்கேதான் போவேன், பேச. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. என் பெண் தேறிய கதையை ராமாயணம் மாதிரிச் சொன்னேன். டின் மாற்றினேன், தேறிவிட்டாள். இந்தப் பாலையும் அந்தப் பாலையும் போட்டுக் குழப்பாதீர்கள், முழுசாக டின்னுக்கே மாறிவிடுங்கள், மார்வலியும் மிச்சம். இப்படியெல்லாம் சொன்னேன். தையல் லைனில் ஒருத்தி இருந்தாள். அத்திபெலேயிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வருவாள், அதனால் எல்லோரும் அவளை அத்திபெலேகாரி என்றுதான் சொல்வோம். அவளுக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. பகலில் எங்களோடு நின்று கொட்டினாலும், ராத்திரியும் விடியற்காலையும் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் பேச்சைக் கேட்டு அதையும் நிறுத்தினாள். என் டின் பெயரைக் கையில் எழுதிக்கொண்டு போனாள். அந்த எழுத்துகூட என்னுடையதுதான். பேனா பிடித்து அவள் உள்ளங்கையில் நானே எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் எங்கள் முற்றத்தில் வந்து நின்றாள். அவரைக்காய்க் காலம். அண்ணி ஊறவைத்த அவரைப் பருப்பைப் பிதுக்கித் தோலை ஒரு பக்கம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் பையனும் என் பெண்ணும் ஒரே பாயில் உருண்டுகொண்டிருந்தார்கள். அண்ணியின் வீட்டுக்காரர் வாசற்படியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அத்திபெலேகாரியின் துண்டுக்குள் இருந்த பிள்ளையைப் பார்த்தேன். நான்காம் மாதத்தில் என் பெண் இருந்த அதே முகம். கண் உள்ளே போய், உதடு காய்ந்து. அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக அண்ணி முன்னால் உட்கார்ந்து, "அக்கா, நீங்க எப்பிடிக் கலக்குறீங்கன்னு ஒருவாட்டி செஞ்சு காட்டுங்க. அதே டின்னுதான். என் புள்ளைக்கு மட்டும் ஒத்துக்கல. நான்தான் எதோ தப்பாக் கலக்குறேன்" என்றாள்.

அண்ணி பிதுக்கிய பருப்பு கையிலேயே நின்றது. என்னைப் பார்த்தார். வாசற்படியில் இருந்த தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பிள்ளையின் உச்சிக் குழியைத் தொட்டுப் பார்த்தார்.

"டின்ன நம்பிப் பஸ்ஸேறி வந்துட்டியாம்மா. அந்தப் பால நான் ஒரு நாளும் இவ வாயில வெச்சதில்ல. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிலேர்ந்து இவ குடிக்கிறது என் பாலு."

மனிதனுக்கு அதிர்ச்சி வந்தால் பெரிதாக ஏதாவது கேட்பான் என்று நினைப்போம். நான் கேட்டது என்ன தெரியுமா? "அப்ப டின்னு தீந்துச்சே அண்ணி, அது?"

"தெனம் சாயங்காலம் டீ பேஷா இருக்குதுன்னு ரெண்டு டம்ளர் குடிச்சியே, அது எதுல போட்டேன்னு நெனச்ச?"

அத்திபெலேகாரி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையானது. இரண்டு மாதமாக என் பெண்ணுக்கென்று வாங்கிய பாலை நான் டீயாகக் குடித்திருக்கிறேன். என் பெண் அவருடைய பையனின் பாலைக் குடித்திருக்கிறாள். அதைக் கொண்டுபோய் ஊரெல்லாம் டின் என்று பேசி, இதோ, ஒரு பிள்ளையைச் சாகக் கொடுக்கிற இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். அண்ணிக்கும் சூட்டுப் பாலில் நம்பிக்கை உண்டு. இஸ்திரி மேஜைக்காரி பால் ஆகாது, டின்னும் ஆகாது, மிச்சம் இருப்பது தன் பால்தானே என்று நினைத்திருக்கிறார். பையனுக்குப் பல் வந்துவிட்டது, கேழ்வரகுக் கூழும் பருப்புச் சாதமும் சாப்பிடுவான், இரண்டு பேருக்கும் சுரந்தது, கொடுத்தேன் என்றார். சொன்னால் எனக்கு மனசு சுருங்கும் என்பது ஒன்று. இன்னொன்றுதான் பெரியது. அதை அவர் அன்றைக்கே, தன் வீட்டுக்காரர் காதில் விழவே சொன்னார்.

"ஒரே மாருல ரெண்டையும் போட்டு வளத்துட்டேன். இனிமே எந்த வாயால மருமவளேன்னு கூப்புடுவேன்?"

அவர் வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார். "அதெல்லாம் பாய் வூட்டு வழக்கம்டி. நமக்கு இன்னா வந்துச்சு? நாலு பேருக்கு முன்னால வெத்தல மாத்திக்கீறோம்" என்றார். முற்றத்தின் கோடி வீட்டு பாயம்மா, அண்ணி என் பெண்ணுக்குப் பால் கொடுப்பதை ஒரு நாள் பார்த்துவிட்டு, இனி இவர்கள் அண்ணன் தங்கைதானே என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். அது அண்ணியின் நெஞ்சில் தங்கிவிட்டது.

"வழக்கத்தக் கேட்டுட்டா பால் சுரக்குது?" என்றார் அண்ணி. அவ்வளவுதான். அவர் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

அவருக்காக நாங்கள் காத்திருக்கவில்லை. அத்திபெலேகாரியின் பிள்ளை கையில் துணி மாதிரிக் கிடந்தது. ஒரு ஆட்டோவில் மூன்று பெண்கள், மூன்று பிள்ளைகள். அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு, அதே சிஸ்டர். பிள்ளையை வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு வந்து, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். இந்தத் தடவை நான் மறைக்கவில்லை. தொட்டி, டீ மணி, சுவரில் அடித்தது, மல்லிகைப் பூ, சீம்பால், கழுதைப் பால், நான் உள்ளங்கையில் எழுதிய டின் பெயர், எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தச் சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டு, "கேளம்மா இல்லி", இங்கே வந்து கேள் என்று, என்னை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். நம்ப முடியாமல்தான் அப்படிச் செய்தார். தொட்டியில் எத்தனை பேர் நிற்பீர்கள் என்று கேட்டார். ஐந்தாறு பேர் என்றேன். தினமுமா? தினமும்தான் என்றேன்.

"இஸ்திரிப் பெட்டி பக்கத்துல நின்னா உன் ரத்தம் கெட்டுப்போகுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஆமேலே... அப்போ பால் மட்டும் ஏன் கெடும்? அதுவும் உன் உடம்புக்குள்ளதானே இருக்கு?"

இத்தனை வருடமாக எங்களில் ஒருத்தியும் இந்தச் சின்னக் கேள்வியைக் கேட்கவில்லை. சூட்டுப் பால் என்று ஒன்று கிடையாது, வெயிலில் நின்றாலும் நெருப்பில் நின்றாலும் தாயின் மார்புக்குள் பால் கெடாது என்றார் அவர். நாங்கள் சீழ் என்று ஊற்றிய சீம்பால்தான் பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து. ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தண்ணீர்கூட வேண்டாம், தாய்ப்பாலே போதும். பிறகு கூழோடும் சோற்றோடும் இரண்டு வயது வரை கொடுக்கலாம். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு வயிற்றுப்போக்கும் சளிக்காய்ச்சலும் அவ்வளவாக அண்டாது. அழுக்குப் புட்டியும் தண்ணீர் கலந்த பவுடரும்தான் இந்த வார்டுக்குப் பாதிப் பிள்ளைகளை அனுப்புகிறது. அப்புறம் என் பக்கம் திரும்பி, உனக்கும்தான் நஷ்டம் என்றார். பெற்ற உடனே பிள்ளையை மார்பில் போட்டால் கருப்பை சுருங்கும், உதிரப்போக்கு குறையும். பால் கொடுக்கிற பெண்ணுக்குப் பின்னால் மார்பிலும் சினைப்பையிலும் புற்று வருகிற பயம் குறைவு. பால் கட்டிக் காய்ச்சல் வந்தபோது நிறுத்தியிருக்கக் கூடாது, பிள்ளையை இன்னும் குடிக்க விட்டுவிட்டு மருந்துக்கு வந்திருக்க வேண்டும். எனக்குப் பிரசவத்துக்குப் பிறகு ஒன்றரை மாதம் உதிரம் நிற்காமல் ரத்தம் குறைந்து தலை சுற்றிக் கிடந்தேன். அதையும் சூடு என்றுதான் சொல்லிக்கொண்டோம்.

அண்ணியையும் அவர் விடவில்லை. ரத்தப் பரிசோதனை இல்லாமல் அடுத்தவர் பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது, பாலின் வழியாகவும் சில நோய்கள் போகும் என்று கடிந்துகொண்டார். அண்ணி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. வேறு ஒரு கேள்வியில் நின்றுவிட்டார்.

"அப்ப இவ பாலு நல்ல பாலுதானா, சிஸ்டர்?"

நல்ல பால்தான் என்றார்.

"இஸ்திரி மேஜையிலே நின்னாலும்?"

நின்றாலும்தான்.

"சாயங்காலம் வந்து இவ குடுத்திருந்தா, புள்ள பொழச்சிருப்பாளா?"

தாராளமாக என்றார் சிஸ்டர். பகலில் சுத்தமான பாத்திரத்தில் பீய்ச்சி வைத்துச் சங்கில் கொடுத்திருந்தால், புட்டியே தேவைப்பட்டிருக்காது.

அண்ணி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு தொடையில் அவர் பையன், இன்னொரு தொடையில் என் பெண். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டு வருடம் தவமிருந்து பெற்ற பையனின் பங்கில் பாதியைக் கொடுத்தார். ஊர் அறிய மாற்றிய வெற்றிலையைக் கொடுத்தார். புருஷனின் நல்ல முகத்தையும் கொடுத்தார். இத்தனையும் தேவையே இல்லை, நான் தினமும் சாக்கடையில் ஊற்றியதே போதும் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். நான் அழ ஆரம்பித்தேன். வீணாப்போச்சே அண்ணி, எல்லாம் வீணாப்போச்சே என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வீணாப்போனது உன் பாலுடி. என் பாலு ஒரு சொட்டு வீணாப்போவல. பாரு" என்று என் பெண்ணின் தொடை மடிப்பை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார்.

அத்திபெலேகாரிக்குப் பால் முழுதாக வற்றியிருக்கவில்லை. ஐந்து நாள் அந்த வார்டிலேயே இருந்து, பிள்ளையை விடாமல் மார்பில் போட்டுப் போட்டு வரவழைத்தாள். அவள் பிள்ளை பிழைத்தது. என்னையும் முயன்று பார்க்கச் சொன்னார் சிஸ்டர். அன்று ராத்திரி வீட்டில் என் பெண்ணை மடியில் போட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், யாரோ பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரியைப் பார்ப்பது மாதிரி. எதிர் வீட்டில் அண்ணியின் குரல் கேட்டதும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டாள். பத்து நாள் முயன்றேன். நாலு சொட்டு வந்தது. அவள் அதை ஏற்கவில்லை.

ஃபாக்டரியில், டின் என்று சொன்ன அதே வாயால், தப்பு என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். இரண்டு பேர் கேட்டார்கள், சாயங்காலம் கொட்டுவதை நிறுத்தினார்கள். மற்றவர்கள், "உனக்கு சிஸ்டர் சொல்லிட்டாங்க, எங்க மாமியாருக்கு யாரு சொல்றது" என்றார்கள்.

அண்ணியின் வீட்டுக்காரர் ஆறு மாதம் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிறகு என் பெண் தத்தித் தத்தி நடந்துபோய் அவருடைய பேப்பரைக் கிழித்தாள். அவர் அவளுக்கு ஒரு பாதியைக் கொடுத்துவிட்டு மறு பாதியைப் படித்தார். அதோடு சரியாகிவிட்டது. என் பெண்ணின் கலியாணத்தில், மணமேடையில் பொரி அள்ளிப் போட அண்ணன் தம்பி யார் என்று புரோகிதர் கேட்டபோது, அண்ணி பையன் தானாக எழுந்து போனான். முறைப் பையன் எப்படிப் பொரி போடலாம் என்று பின்வரிசையில் சலசலப்பு. அண்ணி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பொரி விழுந்தது.

போன வருடம் என் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தது. இன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போட்டுவிடுகிறார்கள். தாய்க்குப் பால் இல்லாவிட்டால், பரிசோதித்த பாலைக் கொடுக்கப் பால் வங்கி இருக்கிறது. அவள் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரி. அவள் ஆபீஸில் கதவு மூடுகிற அறையும், பாலை எடுத்து வைக்கக் குளிர்ப்பெட்டியும் இருக்கின்றனவாம். சித்திரை வெயிலில் ஒரு நாள், ஸ்கூட்டரில் போய்விட்டு முகமெல்லாம் சிவந்து, வியர்வை வழிய உள்ளே வந்தாள். பிள்ளை அழுதது. அப்படியே வாரியெடுத்து மார்பில் வைத்தாள். எனக்கு எல்லாம் தெரியும். சிஸ்டர் சொன்னது எழுத்துக்கு எழுத்து தெரியும். அப்படியும் என் கை நீண்டு, அவள் தோளைப் பிடித்து நிறுத்தப் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி, திரும்பிக்கூடப் பார்க்காமல், என் கையில் பளாரென்று ஓர் அடி வைத்தார்.